ஃபர்னஸ் சத்தம்: எப்படி என்பதை விடுங்கள், எப்போது என்று கேளுங்கள்

கனடாவில் குளிர்காலம் தொடங்கி பேஸ்மென்டில் ஃபர்னஸ் வழக்கமில்லாத சத்தம் போட்டால், ‘டமார்’, ‘கிறீச்’, ‘களக் களக்’ என்று நாம் முதலில் அதற்குப் பெயர் வைக்கிறோம். டெக்னீஷியனுக்கும் அதையே சொல்கிறோம். நான் கற்றுக்கொண்ட வரையில் அந்த விவரம் பாதிதான் உதவும். கோளாறைக் காட்டிக்கொடுப்பது சத்தம் வரும் நேரம். எரிவாயு ஃபர்னஸ் ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில்தான் இயங்குகிறது. தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும், புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறியான இன்டியூசர் சுழலும். காற்றோட்டம் சரி என்று பிரஷர் சுவிட்ச் உறுதி செய்தபின் இக்னைட்டர் செக்கச்செவேலென்று பழுக்கும். ‘டிக்’கென்று வால்வு திறந்து பர்னர்கள் பற்றும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துத்தான் வீட்டுக்குள் காற்றை அனுப்பும் பெரிய ப்ளோயர் ஓடும். தீ அணைந்த பிறகும் அது மட்டும் சிறிது நேரம் ஓடி நிற்கும்.

‘டமார்’ ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அந்த ‘டிக்’ கேட்டுச் சில விநாடிகளில் அது வந்தால், எரிவாயு உடனே பற்றாமல் தேங்கி, பிறகு மொத்தமாகப் பற்றுகிறது என்று பொருள். பெரும்பாலும் பர்னரில் படிந்த அழுக்கும் துருவும்தான் காரணம். இதைத் தள்ளிப்போடவே கூடாது. தொடர்ந்து அதிர்ந்தால், தீயின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் காணலாம், கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரலாம். அதே ‘டமார்’ ப்ளோயர் ஓடத் தொடங்கிய பிறகோ நின்ற பிறகோ வந்தால், அநேகமாகத் தகர டக்ட் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும் ஓசைதான். தூக்கம் கெடும், அவ்வளவே. காதுக்கு இரண்டும் ஒன்று போலவே கேட்கும் என்பதால்தான் பெயரை நம்பாதீர்கள் என்கிறேன்.

வரிசையைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தெர்மோஸ்டாட்டில் சூட்டை நிறுத்திவிட்டு, ஃபேனை மட்டும் ‘ஆன்’ செய்யுங்கள். அப்போதும் சத்தம் வந்தால் ப்ளோயர், ஃபில்டர், டக்ட் இந்த மூன்றில் ஒன்றுதான்; தீயைச் சந்தேகிக்க வேண்டாம். விசில் போலக் கேட்டால் ஃபில்டரை ஒரு நிமிடம் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது அந்த ஃபர்னஸுக்கு மிக நெருக்கமான ஃபில்டரைப் போட்டிருக்கிறீர்கள். ஓர் அங்குலத் தடிப்பில், நுண்தூசியையும் பிடிக்கும் நெருக்கமான மெர்வ் 13 தர ஃபில்டரை வாங்கிவிட்டு ஃபர்னஸைக் குறை சொல்வதில் நியாயமில்லை! உலோகம் உரசினால் உடனே அணைத்துவிடுங்கள். ப்ளோயர் சக்கரம் தளர்ந்திருக்கலாம். இன்டியூசர் சுழலும்போதே ‘களக் களக்’ என்றால் வடிகுழாய் அடைப்பைப் பாருங்கள். 2009 இறுதியில் கனடாவில் புதிய எரிவாயு ஃபர்னஸ்களுக்குக் குறைந்தது 90 சதவீதத் திறன் கட்டாயமானது. அந்தத் திறனுள்ளவை புகையிலுள்ள நீராவியைத் தண்ணீராக்கி அந்தக் குழாய் வழியே வடிப்பவை.

டெக்னீஷியன் வரத்தானே போகிறார், நமக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்கலாம். அவர் வந்து நிற்கும் அரை மணி நேரத்தில் சத்தம் வராமல் போவதுதான் வழக்கம். தெர்மோஸ்டாட்டைக் கூட்டிய கணத்திலிருந்து ப்ளோயர் நிற்கும்வரை போனில் பதிவு செய்துகொடுத்தால் அவர் ஊகிக்க வேண்டியதில்லை. தேவையில்லாத பாகத்துக்கு நீங்களும் காசு கொடுக்க வேண்டியதில்லை. எரிவாயு விஷயத்தில் தெரியாதவர் கை வைக்கலாமா என்பது இதைவிட நியாயமான கேள்வி. வைக்கக் கூடாது. ஒன்ராறியோவில் அந்த வேலைக்கு, தொழில்நுட்பப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.வின் உரிமம் வேண்டும். காது கொடுத்துக் கேட்பதற்கும் ஃபில்டர் மாற்றுவதற்கும் உரிமம் தேவையில்லை.

எரிவாயுக் கசிவைக் காட்டும் அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலோ எந்தப் பரிசோதனையும் வேண்டாம். எல்லோரும் வெளியேறி, வெளியிலிருந்து அவசர உதவிக்குப் போன் செய்யுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, அலாரம்தான் ஒரே எச்சரிக்கை. அதன் பின்புறம் காலாவதித் தேதி இருக்கும், இன்றே பார்த்துவிடுங்கள்.