மை லாய் படுகொலை (1968): அறவியல் தாளுக்கான முக்கியக் குறிப்புகள்

• நாள்: 1968 மார்ச் 16. இடம்: தென் வியட்நாமின் குவாங் இங்கை மாகாணத்தில் சொன் மி கிராமம். மை லாய் அதைச் சேர்ந்த குக்கிராமம்.

• செய்தவர்கள்: அமெரிக்கத் தரைப்படையின் சார்லி கம்பெனி. அதன் தலைவர் கேப்டன் எர்னஸ்ட் மெதினா. முதல் பிளாட்டூனின் தலைவர் லெப்டினன்ட் வில்லியம் கேலி. வியட்காங் படை இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனார்கள். அங்கே இருந்தவர்கள் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள்.

• இறந்தோர்: அமெரிக்க ராணுவக் கணக்கில் 347. வியட்நாமிய நினைவிடக் கணக்கில் 504. இதில் பக்கத்து மி கே குக்கிராமத்தில் பிராவோ கம்பெனி கொன்றவர்களும் அடக்கம். கொள்குறி வினாவில் யாருடைய கணக்கைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் குறிக்கவும்.

• ராணுவம் அன்று சொன்னது: எதிரிகள் 128 பேர் பலி, கைப்பற்றிய ஆயுதங்கள் 3. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படித்த எந்த மேலதிகாரிக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 128 போராளிகள் மூன்று ஆயுதங்களை வைத்துக்கொண்டா சண்டை போட்டார்கள்? மூடிமறைத்தல் என்ற தலைப்பில் எழுத இந்த ஒரு வரியே போதும்.

• ஹியூ தாம்சன்: பலர் கேலியின் பெயரை மனப்பாடம் செய்துவிட்டு இவரை விட்டுவிடுகிறார்கள். அறவியல் தாளுக்கு இவர்தான் முக்கியம். வயது 24, ஹெலிகாப்டர் விமானி. மேலிருந்து பார்த்தபோது வாய்க்கால் நிறையப் பிணங்கள். பதுங்குகுழியில் ஒளிந்திருந்த சிலரை நோக்கி அமெரிக்கச் சிப்பாய்கள் நெருங்குவதைக் கண்டு, இரு தரப்புக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். கிராமத்தவர்மீது நம் ஆட்கள் சுட்டால் திருப்பிச் சுடுங்கள் என்று தன் குழுவின் லாரன்ஸ் கோல்பர்னுக்கும் கிளென் ஆண்ட்ரியாட்டாவுக்கும் சொல்லிவிட்டு, தானே நடந்து போய் அவர்களை வெளியே அழைத்துவந்தார். துணைக்கு வந்த ஹெலிகாப்டர்களில் ஏற்றி அனுப்பினார். வாய்க்காலுக்குள் இறங்கி உயிரோடிருந்த ஒரு குழந்தையைத் தூக்கிவந்தவர் ஆண்ட்ரியாட்டா. அடுத்த மாதமே போரில் இறந்தார்.

• தளத்துக்குத் திரும்பியதும் தாம்சன் முறைப்படி புகார் சொன்னார். அன்று சுடுவதை நிறுத்தும் உத்தரவு போனதற்கு அதுவே காரணம். ஆனால் விசாரணை என்ற பெயரில் மேலே நடந்தது, புகாரை அமுக்கும் வேலை. போதாக்குறைக்கு, கடும் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே குழந்தையைக் காப்பாற்றினார் என்ற பொய்யான காரணத்தோடு அவருக்குப் பதக்கமும் கொடுத்தார்கள். வாங்கியவர் அதைத் தூக்கி எறிந்தார். உண்மையான காரணத்துக்கான 'சோல்ஜர்ஸ் மெடல்' மூவருக்கும் 1998 மார்ச்சில்தான் வந்தது. ஆண்ட்ரியாட்டாவுக்கு இறப்புக்குப் பின்.

• உண்மை வெளிவந்த வரிசை (காலவரிசை வினாவுக்கு ஏற்ற பகுதி): ரான் ரைடனவர் சம்பவ இடத்தில் இல்லாத சிப்பாய். சார்லி கம்பெனி நண்பர்கள் சொல்லக் கேட்டவற்றைச் சேகரித்து, 1969 மார்ச் 29 தேதியிட்டு, காங்கிரஸ் உறுப்பினர்கள் உட்பட சுமார் 30 பேருக்குத் தன் பெயரிட்டுக் கடிதம் எழுதினார். ராணுவ விசாரணை தொடங்கியது. செப்டம்பரில் கேலிமீது சத்தமில்லாமல் குற்றச்சாட்டு பதிவானது. செய்தியாளர் செய்மோர் ஹெர்ஷ் அதைத் துருவி நவம்பரில் வெளியிட்டார் (1970 புலிட்சர் பரிசு). அதே மாதம் ராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லியின் வண்ணப் படங்கள் கிளீவ்லாந்து நாளிதழில் வந்தன. ராணுவக் கேமராவில் எடுத்தவை ராணுவத்திடம் போயின. இவை அவரது சொந்தக் கேமராவில் எடுத்தவை. ஹெர்ஷ்தான் முதலில் அம்பலப்படுத்தினார் என்று எழுதுவது பாதி உண்மை. உள்ளே போன புகார் புதைந்தது, வெளியே போன கடிதம் வேலை செய்தது என்ற வேறுபாட்டை விடையில் காட்டுங்கள்.

• தண்டனை: கேலி ஒருவருக்கு மட்டும். 1971 மார்ச் 29 அன்று, 22 கொலைகளுக்காகக் குற்றவாளி என்று தீர்ப்பு; பின்பு ஆயுள் தண்டனை. அமெரிக்கப் பொதுமக்களில் பெரும்பகுதியினர் கேலிக்குப் பரிந்து பேசினர். அதிபர் நிக்சன் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றினார். தண்டனை 20, பிறகு 10 ஆண்டுகளாகக் குறைந்தது. 1974-இல் வெளியே வந்துவிட்டார். மெதினா விடுதலை.

• சட்டக் கோட்பாடு 1, மேலதிகாரியின் உத்தரவு: உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்பதே கேலியின் வாதம். ஆனால் சாதாரண அறிவுள்ள எவருக்கும் சட்டவிரோதம் என்று தெரியக்கூடிய உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தது தப்பிக்கும் வழியாகாது. நியூரம்பெர்க் கோட்பாடுகளில் நான்காவதும் இதை ஒட்டியதே.

• சட்டக் கோட்பாடு 2, தளபதியின் பொறுப்பு: யமஷிதா வழக்கில் (1946) படையைக் கட்டுப்படுத்தத் தவறியதற்கே ஜப்பானியத் தளபதி தண்டனை பெற்றார். மெதினா வழக்கிலோ அவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். தோற்றவனுக்கு ஓர் அளவுகோல், தன் ஆளுக்கு இன்னொன்று என்ற விமர்சனம் நியாயமானதே.

• சேர்த்துப் படிக்க: போர்க்காலத்தில் குடிமக்கள் பாதுகாப்பு நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தில் (1949 ஆகஸ்ட் 12). கூடுதல் நெறிமுறைகள் 1977. இந்தியாவில் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் 1960. 1977 நெறிமுறைகளில் இந்தியா சேரவில்லை.

• முறைகேட்டை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், 2014: ரைடனவர் போலப் பெயரிட்டுத்தான் புகார் தர வேண்டும், மொட்டைக் கடிதம் ஏற்கப்படாது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 2014 மே மாதம் கிடைத்தது. நடைமுறைக்கு வரும் நாளை அறிவிக்காமலே பத்தாண்டுகள் ஓடிவிட்டன.