பீடைநாசினிக் கட்டுப்பாடும் கமக்காரர் கடமையும்

நெல் வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும் தெளிக்கப்படும் பீடைநாசினியைக் கமக்காரர் பொதுவாக "மருந்து" என்றே வழங்குவர். பயிரின் நோயைத் தீர்ப்பது என்னும் கருத்தில் எழுந்த பெயர் அது. ஆனால் பூச்சியைக் கொல்லும் பொருள் மனிதரையும், கால்நடையையும், மீனையும், தேனீயையும் தாக்க வல்லது. ஆகவே அதனை நஞ்சு என்று கொள்வதே தகும். நஞ்சை உபயோகிக்கும் நாடு அதற்குக் காவலும் அமைத்தல் வேண்டும். அக்காவல் எவ்வாறு அமைந்துள்ளது, அதிற் கமக்காரரின் பங்கு யாது என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

1. காவல் ஏன் வேண்டும்?

குளிர் நாடு ஒன்றில், பயிற்சி பெற்ற ஒருவர், மூடிய அறையுள்ள உழவு இயந்திரத்தில் அமர்ந்து தெளிக்கும் நஞ்சையே வெப்ப நாட்டுக் கமக்காரர் முதுகிலே தெளிகருவியைச் சுமந்து, வெறுங்காலுடன் வயலில் நடந்து தெளிக்கின்றார். வெயிலிலே தடித்த காப்புடை அணிந்து நெடுநேரம் வேலை செய்தல் அரிது. தெளிகருவி கசிந்தால் முதுகு நனைகின்றது. காற்று மாறினால் முகத்திற் படுகின்றது. எனவே ஒரு நாட்டில் அபாயமின்றிக் கையாளப்படும் பொருள் மற்றொரு நாட்டிலும் அவ்வாறே கையாளப்படும் என்று கொள்ள முடியாது. எந்தப் பொருளை உள்ளே விடலாம் என்பதை அந்தந்த நாடே தன் நிலைமைகளை ஆராய்ந்து தீர்மானித்தல் வேண்டும்.

இதற்குச் சட்டம், பதிவு செய்யும் அதிகாரி, ஆய்வுகூடம், சுங்கச் சோதனை, கடைச் சோதனை, நஞ்சுண்டோர் பற்றிய வைத்தியசாலைப் பதிவு ஆகியன தேவை. இவற்றில் ஒன்று இல்லாவிடினும் மற்றவை வலுவிழக்கும். சட்டமிருந்தும் ஆய்வுகூடம் இல்லையாயின் போத்தலில் உள்ளது யாதென அறிய வழியில்லை. வளர்முக நாடுகள் பலவற்றில் இவை யாவும் ஒருங்கே அமைந்திருக்கவில்லை. வேறிடங்களிலே தடைசெய்யப்பட்ட நஞ்சுகள் அத்தகைய நாடுகளுக்கே சென்று சேர்ந்தன.

2. உலக நாடுகளின் ஒத்துழைப்பு

இக்குறையை நீக்க, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1985 ஆம் ஆண்டிலே பீடைநாசினிகளின் விநியோகம், உபயோகம் பற்றிய ஒழுக்கக் கோவை ஒன்றை வெளியிட்டது. 1998 இல் ரொட்டர்டாம் நகரில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. 2004 இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் பட்டியலிலுள்ள இரசாயனத்தை இறக்குமதி செய்வதா இல்லையா என ஒவ்வொரு நாடும் முன்னரே அறிவிக்கலாம். ஏற்றுமதி செய்யும் நாடு அதனை மதித்தல் வேண்டும். 2001 இல் ஏற்பட்ட ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, மண்ணிலும் உடற் கொழுப்பிலும் நெடுங்காலம் அழியாது தங்கும் அல்ட்ரின், டீல்ட்ரின் போன்ற நஞ்சுகளை ஒழிப்பதற்கானது. இலங்கை இவ்விரு உடன்படிக்கைகளிலும் சேர்ந்துள்ளது. 2006 இல் டுபாயிலும் 2023 இல் பொன் நகரிலும் கூடிய நாடுகள், எல்லா இரசாயனங்களையும் முறையாக நிருவகிக்க வளர்முக நாடுகளுக்கு நிதியும் பயிற்சியும் உதவ இணங்கின.

இவ்வேற்பாட்டிற் கமக்காரரின் வாக்குக்கும் இடமுண்டு. ஆபிரிக்காவிலுள்ள செனகல் நாட்டிலே, நிலக்கடலை விதைக்கு இடும் தூள் ஒன்றைக் கையாண்ட கமக்காரர் நோயுற்றனர், சிலர் இறந்தனர். அச்செய்தி பதிவாகி, அந்நாட்டு அரசாங்கத்தால் அறிவிக்கப்பட்டது. பெனோமில், காபோபியூரான், தைராம் மூன்றும் கலந்த அத்தூள் 2004 இல் ரொட்டர்டாம் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வயலில் நேர்ந்த துன்பம் பதிவாகியமையாலேயே உலகம் அதனை அறிந்தது.

3. இலங்கையின் அனுபவம்

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பீடைநாசினிப் பதிவாளரிடம் பதிவு செய்யப்படாத எப்பொருளையும் இறக்குமதி செய்தலும் விற்றலும் குற்றமாகும்.

பரத்தியோன், மெதைல் பரத்தியோன் ஆகியவை 1984 இல் தடைசெய்யப்பட்டன. மொனோகுரோட்டபொஸ், மெத்தமிடோபொஸ் ஆகியவை 1995 இல் நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்தது. அதனாலும் மரணங்கள் பெருகவே 1998 இல் அதுவும் தடைசெய்யப்பட்டது. ஒரு வாயிலை அடைத்தால் நஞ்சு மறு வாயிலால் நுழையும் என்பதும், வைத்தியசாலைப் பதிவுகளை இடைவிடாது கவனித்தல் வேண்டும் என்பதும் இதனாற் புலனாயின. பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் ஆகியவை 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டன.

இதன் பயன் பெரிது. 1995 இல் உலகிலேயே மிக உயர்ந்த மட்டங்களுள் ஒன்றாயிருந்த இலங்கையின் தற்கொலை வீதம், 2005 அளவில் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. கடுநஞ்சுகள் வீட்டை விட்டு அகன்றமை இதற்கு முக்கிய காரணம் என ஆராய்ச்சியாளர் கண்டனர். ஒரு நாழிகைத் துயரத்தால் நேர்ந்திருக்கக் கூடிய மரணங்கள் பல இவ்வாறு தவிர்ந்தன. அதே வேளை, இத்தடைகளால் நெல் விளைச்சல் குறையவில்லை. நஞ்சை மிகுதியாகத் தெளிக்கும் வயலிலே சிலந்தி, தும்பி முதலிய நன்மை செய்யும் உயிர்கள் முதலில் மடிகின்றன. அவற்றுக்கு இரையாகும் கபிலநிறத் தத்தி அதன்பின் பெருகுகின்றது. நஞ்சைக் குறைத்தல் நட்டமன்று என்பதற்கு இது சான்று.

கட்டுப்பாடு என்பது யாவற்றையும் ஒரே நாளில் விலக்குவதன்று. 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்கும் விவசாய இரசாயனங்களுக்கும் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடையால் விளைச்சல் வீழ்ந்தது. அத்தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. அபாயம் மிக்கதை அறிந்து, மாற்று வழி காட்டிப் படிப்படியாக விலக்குவதே நிலைத்த பயன் தருவது.

4. கமக்காரர் செய்ய வேண்டியவை

துறைமுகத்திலும் கடையிலும் காவல் இருந்தும், போத்தல் வீட்டுக்கு வந்தபின் காவலர் கமக்காரரே. பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்:

(அ) அனுமதி பெற்ற கடையில், முத்திரை உடையாத போத்தலையே வாங்குக. பதிவிலக்கமும், தமிழில் எழுதிய சுட்டுத்துண்டும் இல்லாத பொருள் மலிவாயினும் வாங்கலாகாது. கள்ளமாக இறக்கப்பட்ட பொருளில் உள்ளது யாதென எவரும் உறுதி கூற முடியாது.

(ஆ) தெளிக்குமுன் பீடை உண்டா, எவ்வளவு உண்டு என வயலில் இறங்கிப் பார்க்க. அயல் வயலில் தெளிக்கின்றனர் என்பது தெளிப்பதற்குக் காரணமாகாது.

(இ) சுட்டுத்துண்டிற் கூறிய அளவையே உபயோகிக்க. இரண்டு மூன்று நஞ்சுகளைத் தாமாகக் கலத்தல் கூடாது.

(ஈ) நீண்ட கையுள்ள சட்டை, காற்சட்டை, கையுறை, முகமூடி அணிந்து, காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாய் நில்லாது தெளிக்க. அடைபட்ட தெளிமுனையை வாயால் ஊதுதல் கூடாது.

(உ) கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விடவேண்டிய நாட்களைக் கணக்கிடுக. 14 நாள் எனக் குறித்திருந்தால், அதற்கு முன் மிளகாயோ கத்தரியோ பறித்துச் சந்தைக்கு அனுப்பலாகாது.

(ஊ) நஞ்சைச் சோடாப் போத்தலிலோ வேறு உணவுப் பாத்திரத்திலோ ஊற்றி வைத்தல் ஆகாது. பூட்டிய பெட்டியில், சிறுவர் கைக்கு எட்டாது, படுக்கையறைக்கும் சமையலறைக்கும் புறம்பே வைக்க.

(எ) வெறும் போத்தலை மும்முறை கழுவி, அந்நீரைத் தெளிகருவியிலேயே ஊற்றுக. பின் போத்தலைத் துளையிட்டு உதவாததாக்குக. கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவுதல் கூடாது.

(ஏ) தலைச்சுற்று, வாந்தி, மிகுந்த வியர்வை, பார்வை மங்கல் தோன்றினால் வேலையை நிறுத்தி, நனைந்த உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்க. நஞ்சு வயிற்றுட் சென்றவரை வாந்தியெடுக்கச் செய்ய முயலாது விரைந்து கொண்டு செல்க. 1990 என்னும் இலக்கத்தில் நோயாளர் வண்டியை அழைக்கலாம். போத்தலை அல்லது சுட்டுத்துண்டை உடன் கொண்டு செல்லுதல் அவசியம். நஞ்சின் பெயர் தெரிந்தால் வைத்தியர் தாமதமின்றிச் சிகிச்சை செய்வார்.

(ஐ) நேர்ந்ததை விவசாயப் போதனாசிரியருக்கும் அறிவிக்க. சிறு மயக்கந்தானே என மறைத்தல் ஆகாது. ஒருவர் கூறும் செய்தி, அடுத்த போகத்தில் அதே நஞ்சைத் தெளிக்க இருக்கும் மற்றொருவரைக் காக்கக்கூடும்.

மேலதிக ஆலோசனையை அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.