முன்னோடிப் பண்ணைக் குடும்பத்தில் பெரியோரின் நாளாந்த வேலைகள்

ஐக்கிய அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் குடியேற்ற நிலச் சட்டத்தில் கையொப்பமிட்டார். 21 வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ 160 ஏக்கர் அரச காணியைக் கோரலாம். ஐந்து ஆண்டுகள் அங்கு வசித்துப் பயிரிட்டால் அது அவருக்குச் சொந்தமாகும். அந்நிலங்களில் வாழ்ந்த பழங்குடி மக்கள் அவற்றை இழந்த வரலாறும் இதனுடன் சேர்ந்ததே. கன்சாஸ், நெப்ராஸ்கா போன்ற புல்வெளிகளில் குடியேறிய முன்னோடிக் குடும்பங்களின் வேலைகளை இங்கு நோக்க விரும்புகிறேன்.

ஆண்களின் நாள் விடியுமுன் தொடங்கியது. குதிரைக்கும் எருதுக்கும் தீனி வைத்தல், தொழுவத்தைச் சுத்தஞ்செய்தல், உழுதல், விதைத்தல், வேலி திருத்துதல் என அது இருட்டும்வரை நீண்டது. மரங்கள் அரிதாகையால் பலர் புற்றரையை வேரோடு கட்டிகளாக வெட்டி, செங்கல்லைப் போல அடுக்கி வீடு கட்டினர். காய்ந்த சாணமும் முறுக்கிய வைக்கோலுமே விறகாயின.

பெண்களின் நாளும் அதே இருளில் அடுப்பு மூட்டுவதுடன் தொடங்கியது. கிணற்றிலிருந்தோ ஓடையிலிருந்தோ நீர் சுமத்தல், பால் கறத்தல், ரொட்டி சுடுதல், கோழி வளர்த்தல், மரக்கறித் தோட்டம் பேணல், உடை தைத்தல் ஆகியன அவர்களுடையவை. அறுவடைக் காலத்தில் வயலுக்கும் சென்றனர்.

வாரத்திற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. பல வீடுகளில் திங்கள் துணி துவைக்கும் நாள். வாளி வாளியாக நீர் சுமந்து, கொதிக்கவைத்து, பலகையில் தேய்த்து, பிழிந்து உலர்த்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மறுநாள் கனத்த இரும்புகளை அடுப்பில் சூடாக்கி அவற்றை அழுத்தினர்.

சவர்க்காரமும் வீட்டிலேயே செய்யப்பட்டது. அடுப்புச் சாம்பலைப் பீப்பாயில் நிரப்பி, மேலே நீரூற்றினால் கீழே காரநீர் வடியும். அதை விலங்குக் கொழுப்புடன் சேர்த்துப் பல மணிநேரம் காய்ச்ச வேண்டும். அக்காரநீர் தெறித்தால் தோல் வெந்துவிடும். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில், பெண்கள் கடைந்த வெண்ணெயும் சேர்த்த முட்டைகளுமே கடையில் சீனியாகவும் துணியாகவும் மாறிக் குடும்பத்தைத் தாங்கின.

இத்தனை உழைப்பும் எவ்வாறு எழுதப்பட்டது? 1870ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் கணவரின் தொழில் விவசாயி எனவும், மனைவியின் தொழில் வீட்டைப் பராமரித்தல் எனவும் பதியப்பட்டது. மணமாகாத பெண்களும் விதவைகளும் தம் பெயரில் காணி கோரலாம். கணவருடன் வாழும் மனைவிக்குப் பொதுவாக அவ்வுரிமை இருக்கவில்லை. இருவரும் உழைத்த நிலத்தின் உறுதியில் ஒருவர் பெயரே இருந்தது.

இதைப் படிக்கும்போது, தாயின் தொழில் என்ன என்று கேட்கும் படிவங்கள் என் நினைவுக்கு வருகின்றன. 'தொழில் இல்லை' என்று அங்கு எழுதுவது வழக்கம். அதிகாலை எழுந்து இரவில் கடைசியாக உறங்கச் செல்லும் உம்மாவுக்கு அது பொருந்துமா? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபடுவார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழச் செல்வார்கள் என ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வீட்டு வேலை தாழ்ந்ததன்று. அது ஒருவர் தோளில் மட்டும் இருக்க வேண்டியதுமன்று.

சகோதரிகளே, இன்று உங்கள் வீட்டில் விடியல் முதல் இரவுவரை யார் எந்த வேலையைச் செய்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுதியபின் அதைப் பெற்றோருடன் சேர்ந்து வாசியுங்கள்.