பொது இடங்களில் புகை: சட்டம் யாரைக் காக்கிறது?

பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்யலாமா என்ற விவாதம் எந்த நாட்டில் எழுந்தாலும், அது பெரும்பாலும் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு இடையிலான வழக்காகவே நடத்தப்படுகிறது. ஒருவர் புகைபிடிக்க விரும்புகிறவர்; மற்றவர் அதைச் சகிக்க விரும்பாதவர். இருவருக்கும் தனித்தனி மேசை போட்டுவிட்டால் வழக்குத் தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். ஆனால் அந்த இரு மேசைகளுக்கும் தட்டு ஏந்திச் செல்கிற மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார். சர்வர் எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ அதே காற்றைச் சுவாசிக்கிறார். இவரைக் கணக்கில் சேர்த்தவுடன் விவாதத்தின் உருவமே மாறிவிடுகிறது. நம் நாட்டுச் சட்டம் இவரை எவ்வளவு தூரம் கணக்கில் சேர்த்திருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறர் விடும் புகை வெறும் தொல்லையன்று, நோய்க்குக் காரணம் என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. 1981-இல் ஜப்பானிய ஆய்வாளர் தகேஷி ஹிரயாமா வெளியிட்ட ஆய்வு இந்நிலையை மாற்றியது. நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன, தாம் புகைபிடிக்காத 91,540 மனைவியரை அவர் 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கணவர் புகைத்த அளவு கூடக்கூட, மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் விகிதமும் கூடியது. சிகரெட் உற்பத்தியாளர்கள் இம்முடிவைக் கடுமையாக எதிர்த்தனர். எனினும் பின்வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1986-ஆம் ஆண்டு அறிக்கையும், 2006-ஆம் ஆண்டு அறிக்கையும் இவ்வகையில் முக்கியமானவை. பிறர் புகையில் தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாது என்றும், புகைப்பவரைத் தனியே அமர்த்துவதாலோ காற்றோட்டக் கருவிகளாலோ கட்டடத்தினுள் இருக்கும் மற்றவர்களை முழுமையாகக் காக்க இயலாது என்றும் இரண்டாவது அறிக்கை திட்டவட்டமாகக் கூறியது.

தடைக்கு எதிரான வாதங்கள் அற்பமானவை அல்ல. வயது வந்த மனிதர் தம் உடலுக்குத் தாமே பொறுப்பாளி. சட்டபூர்வமாக விற்கப்படும் ஒரு பொருளை அவர் பயன்படுத்துவதில் அரசு தலையிடலாகாது என்பது ஒன்று. கடை கடைக்காரரின் சொத்து. அங்கு எது நடக்கலாம் என்று முடிவு செய்வது அவர் உரிமை. பிடிக்காதவர் வேறு கடைக்குப் போகலாம் என்பது மற்றொன்று. வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இவ்வாதங்களுக்கு வலு உண்டு. பிறருக்குத் தீங்கு நேராதவரை தனிமனிதர் செயலில் சமூகம் குறுக்கிடக் கூடாது என்று 1859-இல் எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில்லைப் புகைபிடிப்போர் மேற்கோள் காட்டுவது வழக்கம். ‘பிறருக்குத் தீங்கு நேராதவரை’ என்ற நிபந்தனையை அவர்கள் சற்று வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து, வேலை செய்யும் ஓட்டலிலேயே தங்கிக்கொள்ளும் ஓர் ஊழியரிடம் ‘வேறு கடைக்குப் போகலாமே’ என்று சொல்வது எத்தகைய சுதந்திரம் என்பதை வாசகர்களே சிந்தித்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றாமவரை முன்னிறுத்தியே அயர்லாந்து தன் சட்டத்தை இயற்றியது. மதுக்கடை அந்நாட்டில் குடிக்கும் இடம் மட்டுமன்று. ஊர்ப் பேச்சும் பாட்டும் நடைபெறும் பொதுக்கூடமும் அதுவே. அங்கே புகையைத் தடுத்தால் அந்த வாழ்க்கை முறையே அழிந்துவிடும் என்று கடைக்காரர்கள் வாதிட்டனர். அரசோ இதைப் பழக்கவழக்கம் பற்றிய பிரச்சினையாக எடுத்துக்கொள்ளாமல், பணியிடப் பாதுகாப்புப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டது. தொழிற்சாலையில் நச்சுத் தூசியிலிருந்து தொழிலாளியைக் காப்பது அரசின் கடமையென்றால், மதுக்கடைப் பணியாளர் மட்டும் எவ்வாறு விலக்காவார் என்பதே அதன் கேள்வி. 2004 மார்ச் 29 அன்று, மதுக்கடைகள் உள்ளிட்ட உள்ளரங்கப் பணியிடங்கள் அனைத்திலும் புகைபிடித்தலைத் தடை செய்த முதல் நாடாக அயர்லாந்து ஆயிற்று. தடைக்கு முன்னும் பின்னும் டப்ளின் நகரின் 42 மதுக்கடைகளில் காற்றை அளந்து பார்த்த ஆய்வொன்றில், நுண்துகள்களின் அளவு 83 சதவீதமும், பென்சீனின் அளவு சுமார் 80 சதவீதமும் குறைந்திருந்தன.

இங்கிலாந்தின் அனுபவம் வேறு வகையில் படிப்பினை தருவது. உணவு பரிமாறாத மதுக்கடைகளுக்கும் தனியார் மன்றங்களுக்கும் விலக்களிக்கலாம் என்று அங்கு அரசு முதலில் கருதியது. இது பார்வைக்கு நியாயமான சமரசம். ஆனால் உணவு பரிமாறாத கடைகள் ஏழை மக்கள் வாழும் பகுதிகளிலேயே மிகுதி; அங்கு வேலை செய்பவர்களும் அவர்களே. எவருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவையோ அவரையே வெளியே நிறுத்தும் விலக்காக அது முடிந்திருக்கும். 2006 பிப்ரவரி 14 அன்று உறுப்பினர்கள் கட்சிக் கட்டுப்பாடின்றி வாக்களித்தபோது, மன்றங்களுக்கும் விலக்கில்லாத முழுத் தடையை 384 பேர் ஆதரித்தனர். 184 பேர் எதிர்த்தனர். 2007 ஜூலை 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் பாதை நீதிமன்றங்களின் வழியே சென்றது. 1975-ஆம் ஆண்டின் சிகரெட் சட்டம் பெட்டியின்மீது எச்சரிக்கை அச்சிடுவதோடு நின்றுவிட்டது. தில்லி 1996-இல் தனக்கெனப் புகைத்தடைச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1999 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது விதி உறுதி செய்யும் உயிர் வாழும் உரிமையை மீறுவது என்றும், அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின்படி பொதுத் தொல்லை ஆகும் என்றும் தீர்ப்பளித்தது. மாவட்ட ஆட்சியர்கள் தடை உத்தரவு பிறப்பிக்குமாறும் பணித்தது. புதிதாக ஒரு சட்டமும் வேண்டாமல், கையிலிருந்த பழைய பிரிவுகளைக் கொண்டே இது செய்யப்பட்டது என்பதை நிர்வாகத் துறை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நாடு முழுவதற்கும் பொருந்துவதாயிற்று. மருத்துவமனை, கல்வி நிலையம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், அரங்கம், ரயில் உள்ளிட்ட பொது ஊர்தி ஆகியவை அதன் பட்டியலில் இடம்பெற்றன. ஓட்டல் அப்பட்டியலில் இல்லை. மக்கள் வந்து போகும் இடம் என்ற நோக்கிலேயே பட்டியல் தயாராயிற்று. மக்கள் உழைக்கும் இடம் என்ற நோக்கு அதில் காணப்படவில்லை.

2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம் ஓட்டல்களையும் சேர்த்துக்கொண்டது. பணியிடங்கள், வணிக வளாகங்கள், திரையரங்குகள் ஆகியவற்றையும் பொது இடங்களாக வெளிப்படையாகச் சேர்த்தவை 2008 அக்டோபர் 2 அன்று, அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது நடைமுறைக்கு வந்த விதிகளே. மதுக்கூடம், காப்பிக் கடை, சிற்றுண்டிச் சாலை ஆகியவையும் பெயர் குறிப்பிடப்பட்டன. இவ்விதிகளை நிறுத்தி வைக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆயினும் சட்டத்திலேயே ஒரு வாயில் திறந்திருந்தது. 30 அறைகள் உள்ள தங்கும் விடுதிகளும், 30 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் அமரக்கூடிய உணவகங்களும், விமான நிலையங்களும் புகைபிடிக்கத் தனி இடம் அமைத்துக்கொள்ளலாம். அவ்விடம் தரையிலிருந்து கூரை வரை நான்கு புறமும் சுவர் உடையதாய், தானே மூடிக்கொள்ளும் கதவுடன், உள்ளிருக்கும் காற்று வெளியே மட்டும் செல்லும் அமைப்புடன் இருக்க வேண்டும் என விதிகள் விரிவாகக் கூறுகின்றன. வெளியே அமர்ந்திருப்பவரை இந்தச் சுவர் காக்கும். உள்ளே தட்டுடன் நுழைபவரை எது காக்கும்?

இக்கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. ஹூக்கா பரிமாறும் கடைகள் பற்றிய மும்பை வழக்கு ஒன்றில், அனுமதிக்கப்பட்ட புகை அறையில் ஹூக்கா வழங்குவதை அன்றிருந்த சட்டம் தடுக்கவில்லை என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சொற்கள் அவ்வாறே இருந்தன. நீதிமன்றத்தைக் குறை கூற இடமில்லை. 2017-இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, புகை அறை புகைப்பதற்கு மட்டுமே, அங்கு வேறெந்தச் சேவையும் அளிக்கலாகாது என்று ஆக்கியது. எளிய ஒரு வாக்கியந்தான். ஆனால் பணியாளர் அவ்வறைக்குள் பரிமாறச் செல்ல வேண்டியதில்லை என்ற நிலை விதியில் ஏற்பட, 2008-க்குப் பின் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. சாம்பலைக் கூட்டுபவர் அவ்வறைக்குள் இன்றும் நுழையத்தான் வேண்டும்.

நாட்டளவிலான புகையிலைக் கணக்கெடுப்புகள் இதே கதையை எண்களால் சொல்கின்றன. 2009–10-இல் வீட்டில் பிறர் புகைக்கு ஆளான வயது வந்தோர் சுமார் 52 சதவீதம். 2016–17-இல் இது சுமார் 39 சதவீதமாகக் குறைந்தது. உணவகங்களில் 11.3 சதவீதம் 7.4 ஆகியது. கட்டடத்தினுள் வேலை செய்வோர் பணியிடத்தில் புகைக்கு ஆளாவதோ 29.9 சதவீதத்திலிருந்து 30.2 என்று ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது. தடை நேரடியாகத் தொடாத வீட்டில் முன்னேற்றம். பெயர் சொல்லித் தொட்ட பணியிடத்தில் தேக்கம்.

இத்தேக்கத்திற்கு அபராதம் 200 ரூபாய் மட்டுமே என்பதைப் பலர் காரணமாகக் காட்டுவர். 2003-இல் மத்தியச் சட்டம் வகுத்த உச்ச வரம்பு அது; அன்றைய 200 ரூபாயின் மதிப்பு வேறு. எனினும் தொகையைவிடப் புகார் செய்யும் முறையே பெரிய தடை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. யாரிடம் புகார் செய்ய வேண்டுமோ அவர் பெயரை ஒவ்வொரு பொது இடத்திலும் எழுதி வைக்க வேண்டும். அவர் நடவடிக்கை எடுக்கத் தவறினால், நடந்த குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அபராதத்துக்கு அவரே ஆளாவார். வாடிக்கையாளருக்கு இது நல்ல ஏற்பாடு. ஓட்டலில் அப்பெயர் பெரும்பாலும் முதலாளியுடையதாகவோ மேலாளருடையதாகவோ இருக்கும். தமக்குச் சம்பளம் தருபவரிடம், அவருக்குப் பணம் தரும் வாடிக்கையாளரைப் பற்றி, ஒரு சர்வர் புகார் செய்வார் என்று விதி எதிர்பார்க்கிறது. தொழிலாளர் துறை ஆய்வாளர் வருகைப் பதிவேட்டையும் சம்பளப் பதிவேட்டையும் பார்க்கும்போது காற்றையும் சேர்த்துப் பார்த்தால் இக்குறை ஓரளவு நீங்கும்.

பீடி சுற்றும் இலட்சக்கணக்கான பெண்களின் பிழைப்பு என்னாவது என்ற கேள்வி இங்கே தவறாமல் எழுப்பப்படும். அது உண்மையான கேள்வி. ஆனால் இத்தடைக்குரிய கேள்வி அன்று. எங்கே புகைக்கலாகாது என்பதைத்தான் இச்சட்டப் பிரிவு சொல்கிறது.

சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, புகைபிடிக்க உதவும் பிற பொருள்கள் எதையும் பொது இடத்தில் வழங்கலாகாது என்பதும் 2008 விதிகளில் உண்டு. தென்னாட்டுத் தேநீர்க் கடைகளின் தூணில், பீடி பற்றவைப்பதற்கென நுனி கனன்றபடி ஒரு கயிறு தொங்குவதைப் பயணம் செய்யும் அதிகாரிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். விதிப்படி அதுவும் அகற்றப்பட வேண்டியதே. காலையில் கடை திறந்ததும் அந்தக் கயிற்றைப் பற்றவைப்பதும், நாள் முழுவதும் அதன் அருகில் நின்று கண்ணாடி டம்ளர் கழுவுவதும் பெரும்பாலும் ஒரே கையாகத்தான் இருக்கும்.