எடை குறைந்த பின் பிரா வாங்கும்போது

எடை இறங்கியதும் தொளதொளப்பது கப் மட்டுமல்ல, முதுகுப் பட்டையும்தான். பட்டையைக் கவனிக்காமல் ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்கி, தோளில் தடம் பதிய நடப்பவர்களே அதிகம். பெரிய மார்பின் பாரத்தைத் தாங்க வேண்டியது பட்டை. கண்ணாடியில் பக்கவாட்டில் பாருங்கள். பட்டை பின்னால் மேலேறி நின்றால் அந்த அளவு இனி உங்களுக்கு இல்லை.

பட்டை ஓர் அளவு இறங்கினால் கப் ஓர் எழுத்து ஏறும். 38 சி-க்கும் 36 டி-க்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றே. ‘டி’ என்றதும் கூச்சப்பட வேண்டாம். புதியதைக் கடைசி, தளர்வான ஹூக்கில் மாட்டிப் பாருங்கள். துணி நெகிழ நெகிழ உள் ஹூக்குக்கு மாறலாம். சற்றுக் குனிந்து, மார்பைக் கப்புக்குள் ஒதுக்கிவிட்டு நிமிருங்கள். மேலே துணி சுருங்கினால் முழுக் கப்பை விட்டு, மேல்பக்கம் தாழ்ந்த வெட்டு கேளுங்கள்.

திருவனந்தபுரத்தில் வாங்குவதானால் முதலில் ட்ரையல் ரூம் உள்ள கடைக்குப் போங்கள். அளவு உறுதியான பிறகு அங்குள்ள ‘சாலை’ கடைத்தெருவுக்குப் போகலாம். எடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழையில் தடித்த ஃபோம் சீக்கிரம் காயாது, பருத்தியே மேல். எடை இன்னும் இறங்குகிறதென்றால் இப்போதைக்கு இரண்டு போதும்.