புது ஃபேன்டசி கேம் வாங்கப் போறியா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

தம்பி, டிரெய்லர் பார்த்துட்டே. டிராகன் பறக்குது, மந்திரக்காரி கையில நெருப்பு, இன்னிக்கே வாங்கணும்னு உனக்குக் கை பரபரக்குது. வாங்கு, நான் தடுக்க வரலை. ஆனா ஒண்ணை மனசுல வெச்சுக்கோ: டவுன்லோட் கேமுக்கு ஸ்டாக் தீராது. முதல் நாள் வாங்கினாலும் முப்பதாவது நாள் வாங்கினாலும் அதே கேம்தான். பெரும்பாலும் முப்பதாவது நாள் கிடைக்கிறது இன்னும் ஒழுங்கா ஓடும். அவசரம் விக்கிறவங்களுக்குத்தான், உனக்கு இல்லை. தங்கச்சிகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

1. ப்ரீ-ஆர்டருக்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கு

டிஸ்க் வித்த காலத்துல கடைக்கு எண்ணிக்கையாத்தான் பெட்டி வரும். முன்கூட்டியே சொல்லி வெச்சாத்தான் கிடைக்கும். டவுன்லோடுல அந்தப் பிரச்சினையே கிடையாது. 'ஆப்லிவியன் ரீமாஸ்டர்டு' 2025 ஏப்ரல் 22-ல அறிவிச்சாங்க, அன்னிக்கே விற்பனைக்கும் விட்டாங்க. ப்ரீ-ஆர்டரே கிடையாது. வேணும்னவங்க எல்லாருக்கும் கிடைச்சுது. போனஸா ஒரு வாளோ கவசமோ தர்றாங்கன்னா மயங்காதே. கொஞ்ச நேரம் விளையாடினா அதைவிட நல்ல வாள் கேமுக்குள்ளேயே கிடைச்சிடும்.

முன்னாடியே வாங்க நியாயமான காரணம் ப்ரீலோட் மட்டும்தான். மெதுவான நெட் இருக்கிறவங்க முந்தின நாளே இறக்கி வெச்சுக்கலாம். ஆனா எல்லா கேமுக்கும் அது இருக்காது. 2023 ஆகஸ்ட் 3-ல வந்த 'பால்டர்ஸ் கேட் 3'-க்கு ப்ரீலோட் தரலை. 2024 அக்டோபர் 31-ல வந்த 'டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்' பிசி-யிலும் தரலை. ப்ரீலோட் இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணு. ஸ்டீம் கடையில ப்ரீ-ஆர்டர் பண்ணிட்டு மனசு மாறினா கவலையில்லை, கேம் வெளியாகிற வரைக்கும் எப்ப வேணும்னாலும் பணத்தைத் திருப்பிக் கேக்கலாம்.

2. டீலக்ஸ் எடிஷன்ல என்ன இருக்குன்னு வரிவரியா படி

இப்போ டீலக்ஸ்ல முக்கியமா விக்கிறது 'முன்கூட்டியே விளையாடலாம்'ங்கிற சலுகை. 'ஹாக்வார்ட்ஸ் லெகசி' 2023 பிப்ரவரி 10-ல வந்துச்சு, டீலக்ஸ் வாங்கினவங்களுக்கு 7-ஆம் தேதியே திறந்துச்சு. 'அவவ்ட்' 2025 பிப்ரவரி 18-ல வந்துச்சு, அதிகப் பணம் கட்டினவங்களுக்கு 13-ஆம் தேதி. அந்த மூணு நாள், அஞ்சு நாள்லதான் எந்தத் தப்பும் சரிபண்ணப்படாம இருக்கும். கூடக் காசு கொடுத்து நாம சோதிச்சுப் பார்த்துக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

கேமுக்குள்ளேயும் ஒரு கடை இருக்கான்னு பாரு. 2024 மார்ச் 22-ல வந்த 'டிராகன்ஸ் டாக்மா 2'-ல, விளையாடினாலே கிடைக்கிற பொருள்களை முதல் நாளே தனித்தனியா காசுக்கும் வித்தாங்க. எதையும் வாங்காம அந்த கேமை முழுசா முடிக்கலாம். ஸ்டீம் பக்கத்துல கீழ டிஎல்சி பட்டியல் நீளமா இருந்தா, அதுல எது கதை, எது வெறும் அலங்காரம்னு பிரிச்சுப் பார்த்துட்டு அடிப்படை எடிஷனையே எடு.

3. 'மினிமம்' பார்த்து ஏமாறாதே

மினிமம்னா கேம் திறக்கும்னு அர்த்தம். ரசிச்சு விளையாட 'ரெகமெண்டட்' வரியைப் பாரு. பால்டர்ஸ் கேட் 3-க்கு மினிமம் ஜிடிஎக்ஸ் 970 கார்டும் 8 ஜிபி ரேமும். ரெகமெண்டட்ல அது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பரும் 16 ஜிபி-யும் ஆயிடுது. இடையில எவ்வளவு தூரம்னு நீயே பாரு. உன்கிட்ட இருக்கிறது லேப்டாப்னா இன்னும் கவனம் வேணும். கார்டு பேர் ஒண்ணா இருந்தாலும் லேப்டாப்ல வர்றது பொதுவா டெஸ்க்டாப்ல வர்றதைவிட வேகம் கம்மி.

இந்த வகை கேம்களுக்குன்னே ஒரு சிக்கல் உண்டு. காட்டுலயும் குகையிலயும் வழுக்கிக்கிட்டு ஓடும், ஊருக்குள்ள நுழைஞ்சதும் திணறும். தெருவுல நடக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் பிராசஸர் கணக்கு போடணும் இல்லையா! டிராகன்ஸ் டாக்மா 2 வந்தப்போ பெரிய ஊர்கள்லதான் அடி வாங்குச்சு. பால்டர்ஸ் கேட் 3-ல மூணாவது பாகத்து நகரம் வந்ததும் பல பேரோட கம்ப்யூட்டர் மூச்சு வாங்குச்சு. அதனால யூடியூப்ல உன் கார்டு பேரைப் போட்டுத் தேடுறப்போ, சண்டைக் காட்சியை விட்டுட்டு ஊர்க் காட்சி வர்ற வீடியோவைப் பாரு. இலவச டெமோவோ பெஞ்ச்மார்க்கோ விட்டிருந்தா அதை முதல்ல ஓட்டிப் பாரு.

4. இடம், டேட்டா ரெண்டையும் கணக்கு போடு

பால்டர்ஸ் கேட் 3-க்கு 150 ஜிபி இடம் வேணும், அதுவும் எஸ்எஸ்டி-யில. ஆப்லிவியன் ரீமாஸ்டர்டுக்கு 125 ஜிபி. கேட்ட இடத்தோட நிறுத்தாம இன்னும் கொஞ்சம் காலியா வை. பேட்ச் வரும்போது பெரிய ஃபைல்களை ஸ்டீம் திரும்பக் கட்டும், அதுக்குத் தனியா இடம் கேக்கும்.

இப்போ நேரக் கணக்கு. 100 எம்பிபிஎஸ் இணைப்புன்னா நொடிக்கு 12.5 எம்பிதான் இறங்கும், எட்டால வகுக்கணும். 150 ஜிபி இறங்க, வேகம் குறையாம இருந்தாலே மூணு மணி இருபது நிமிஷம் ஆகும். போன் ஹாட்ஸ்பாட்ல தினம் 2 ஜிபி பிளான் வெச்சிருக்கிறவங்களுக்கு 75 நாள்! அந்தப் பக்கமே போகாதே.

நடுவுல கரன்ட் போனாலும் பயம் வேண்டாம், ஸ்டீம் விட்ட இடத்துலருந்து தொடரும். இன்னொரு வழியும் இருக்கு. அதே கேமை வாங்கி இறக்கி வெச்சிருக்கிற ஃப்ரெண்டு லேப்டாப்போட வீட்டுக்கு வந்தா, ஒரே வைஃபையில இருந்துக்கிட்டு அவன்கிட்டேருந்து உன் மெஷினுக்கு மாத்திக்கலாம். ஸ்டீம் செட்டிங்ஸ்ல டவுன்லோட்ஸ் பகுதியில லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபர்னு ஒண்ணு இருக்கும், அதுல நண்பர்களுக்கு அனுமதி கொடுக்கணும். கேம் உன் அக்கவுன்ட்லயும் இருக்கணும், அது முக்கியம்.

5. கடையைப் பொறுத்து உன் உரிமை மாறும்

விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ரீஃபண்ட் விதியைப் பாரு. ஸ்டீம்லயும் எபிக்லயும் வாங்கின 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா விளையாடியிருந்தா, பணம் திரும்ப வரும். ஜிஓஜி-யில 30 நாள், விளையாடியிருந்தாலும் கேக்கலாம். அவங்க நம்பிக்கையில கொடுக்கிறாங்க, அதைத் தப்பா பயன்படுத்தாதே. பிளேஸ்டேஷன் கடையிலயும் 14 நாள்தான், ஆனா டவுன்லோட் ஆரம்பிச்சுட்டா 'பிடிக்கலை'ன்னு சொல்லித் திருப்பித் தர முடியாது. கன்சோல்ல வாங்குறவங்க ரெண்டு மடங்கு யோசிச்சு வாங்குங்க.

இன்னொண்ணு, நீ வாங்குறது கேமை இல்லை, விளையாடுறதுக்கான லைசென்ஸை. ஸ்டீம் தன்னோட கார்ட் பக்கத்துலயே இதை எழுதி வெச்சிருக்கு. கலிபோர்னியாவுல 2025 ஜனவரியிலருந்து இப்படிச் சொல்லியே ஆகணும்னு சட்டமே வந்தாச்சு. பல வருஷம் கழிச்சும் கையில இருக்கணும்னு நினைக்கிற கேம் ஜிஓஜி-யில இருந்தா அங்க வாங்கு. 'விட்சர் 3', பால்டர்ஸ் கேட் 3 ரெண்டும் அங்க உண்டு. இன்ஸ்டாலரை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல போட்டு வெச்சுக்கலாம், கடையோட பூட்டு எதுவும் இல்லாம ஓடும்.

வீட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரும் விளையாடுவீங்கன்னா ஸ்டீம் ஃபேமிலீஸ் போட்டுக்கோங்க. ஒரே வீட்டுல ஆறு பேர் வரைக்கும் சேரலாம். ஒரு காப்பி இருந்தா ஒரு நேரத்துல ஒருத்தர்தான் அதை விளையாடலாம். சண்டை போடாம முறை வெச்சுக்கோங்க. பகிர்ந்த கேம்ல ஒருத்தர் ஏமாத்து வேலை செஞ்சு மாட்டினா, வாங்கினவருக்கும் சேர்த்துத் தடை விழும்.

6. பணம் கட்டுறப்போ

ஸ்டீம்ல ரூபாய் விலை போட்டிருக்கும், யுபிஐ-யிலயும் கட்டலாம். டாலர்ல விக்கிற கடைன்னா டெபிட் கார்டுல வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைஞ்சிருக்கும், பேங்க் ஆப்ல போய்த் திறந்து, வாங்கி முடிச்சதும் மறுபடி அணைச்சிடு. அம்மா, அப்பா கார்டை கேம் அக்கவுன்ட்ல சேமிச்சு வைக்காதே. சின்னவன் ஒருநாள் தட்டிடுவான்.

வேற நாட்டுல விலை கம்மின்னு விபிஎன் போட்டு வாங்காதே. அது ஸ்டீம் விதிக்கு எதிரானது, அக்கவுன்ட்டே முடங்கலாம். பாதி விலைக்குக் கீ விக்கிற தளங்களும் வேண்டாம். அந்தக் கீ எங்கேருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, திருட்டுக் கார்டுல வாங்கினதா இருந்தா பின்னாடி ரத்தாகும். 'உங்க ரீஃபண்ட் ரெடி, யுபிஐ பின் போடுங்க'ன்னு மெசேஜ் வந்தா அது மோசடி. பணம் வாங்குறதுக்குப் பின் நம்பர் தேவையே இல்லை.

7. ரிவ்யூ யாரோடது, எந்த மெஷின்ல எழுதினது?

2020 டிசம்பர்ல வந்த 'சைபர்பங்க் 2077' ஃபேன்டசி இல்லை, ஆனா இதுவும் ரோல்-பிளேயிங் கேம்தான். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது பிசி பதிப்பு மட்டும். அவங்க புகழ்ந்தாங்க. பழைய பிளேஸ்டேஷன்ல வாங்கினவங்க நொந்து போனாங்க. வெளியான அடுத்த வாரமே சோனி அதைத் தன் கடையிலருந்து எடுத்துடுச்சு, 2021 ஜூன்லதான் திரும்பி வந்துச்சு. அதனால நீ விளையாடப் போற மெஷின்ல எழுதின ரிவ்யூவை மட்டும் நம்பு.

ஸ்டீம் ரிவ்யூவுல ஒவ்வொருத்தர் எத்தனை மணி நேரம் விளையாடினாங்கன்னு போட்டிருக்கும். இருபது, முப்பது மணி நேரம் ஆடினவங்க சொல்றதைப் படி. அவங்கதான் கதை நடுவுல தொய்யுதா, சேவ் ஃபைல் கெடுதான்னு சொல்வாங்க.

வீட்டுல எல்லாரும் இருக்கிற கூடத்துலதான் கம்ப்யூட்டரா? வயசு முத்திரையையும் பாரு. பால்டர்ஸ் கேட் 3 பதினெட்டு தாண்டினவங்களுக்கானது. நிர்வாணத்தை மறைக்க செட்டிங்ஸ்ல வழி இருக்கு, அப்பா வர்றதுக்கு முன்னாடி போட்டு வை.

8. வாங்காமலே விளையாட வழி இருக்கான்னு பாரு

அவவ்ட், ஆப்லிவியன் ரீமாஸ்டர்டு, 'கிளேர் அப்ஸ்கர்: எக்ஸ்பெடிஷன் 33' மூணும் வெளியான அன்னிக்கே கேம் பாஸ் சந்தாவுல வந்துடுச்சு. ஒரு தடவை கதையை முடிச்சா போதும்னா சந்தா லாபம். வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப ஆடுவேன்னா சொந்தமா வாங்கு. டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட் 2025 மார்ச்ல பிளேஸ்டேஷன் பிளஸ் மாதப் பட்டியல்லயே வந்துடுச்சு. முழு விலை கொடுத்தவங்களுக்கு வயிறு எரியாம இருக்குமா?

எல்லா கேமும் இப்படி இறங்கி வராது. பால்டர்ஸ் கேட் 3 விலை ரொம்ப நாள் பெருசா குறையலை. ஆனா பொறுத்தவங்களுக்கு வேற லாபம் இருந்துச்சு. கதை முடிஞ்ச பிறகு தோழர்கள் எல்லாரும் ஒண்ணு சேர்ற நிறைவுப் பகுதி 2023 நவம்பர் கடைசியில இலவச பேட்ச்லதான் வந்துச்சு. 2025 ஏப்ரல்ல கேரக்டர் வகைகளுக்கு இன்னும் பன்னிரண்டு துணைப் பிரிவுகள், அதுவும் இலவசம்.

9. முதல் ரெண்டு மணி நேரத்தை வீணாக்காதே

ரீஃபண்டுக்குன்னு இருக்கிற இந்த ரெண்டு மணி நேரம் துணிக்கடை டிரையல் ரூம் மாதிரி. கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிக்கிட்டே நேரத்தைப் போக்கிடக் கூடாது. நீ கேரக்டரோட மூக்கு, புருவம், தாடி எல்லாம் செதுக்குற நேரமும் விளையாடின நேரமாத்தான் கணக்காகும். முதல் தடவை திறக்கும்போது 'ஷேடர்' தயாராகுதுன்னு நிக்குமே, அதுவும் கணக்கு. பாஸ் போட்டுட்டு சாப்பிடப் போனா அதுவும். 2024 ஏப்ரல்லருந்து டீலக்ஸ்காரங்க முன்கூட்டி ஆடுற நேரத்தையும் ஸ்டீம் இதுல சேர்த்துடுச்சு.

அதனால இப்படிச் செய். ஓய்வா இருக்கிற நாள் பார்த்துத் திற. கிராபிக்ஸ் கார்டு டிரைவரை முன்னாடியே அப்டேட் பண்ணி வை. கேரக்டருக்கு ரெடிமேட் முகம் ஒண்ணை எடுத்துட்டு நேரா உள்ள போ. முதல் அரை மணியில செட்டிங்ஸை உன் மெஷினுக்கு ஏத்த மாதிரி இறக்கிப் பாரு. அடுத்து ஒரு சண்டை, ஒரு ஊர், ஒரு நீளமான உரையாடல். எழுத்து கண்ணுக்குத் தெரியுதா, கன்ட்ரோலர் சரியா வருதா, சேவ் பண்ணி வெளிய வந்து திரும்பத் திறந்தா நின்ன இடத்துலயே இருக்கான்னு பாரு. ஒண்ணரை மணி நேரத்துக்கு மொபைல்ல அலாரம் வை.

அலாரம் அடிச்சதும் கேமை மூடு. திணறுதுன்னா தயங்காம ரீஃபண்ட் கேளு, 'மெஷின்ல சரியா ஓடலை'ன்னு காரணம் போட்டா போதும். அனுமதி கிடைச்சா ஒரு வாரத்துக்குள்ள பணம் வந்துடும், வெளிநாட்டு முறையில கட்டியிருந்தா கொஞ்சம் தள்ளலாம். நாலு பேட்ச் வந்த பிறகு திரும்ப வாங்கு, யாரும் கேக்க மாட்டாங்க. நல்லா ஓடுச்சுன்னா புதுசா ஆரம்பி. அப்போ மூக்கை ராத்திரி பூரா உக்காந்து செதுக்கு!