அறுந்த தொடர்பை ஆராயும் முறை

சாரற் காலத்தில் குற்றாலத்துப் பேரருவிக்கு நீராடச் சென்ற நண்பர் இருவரை எண்ணிக்கொள்க. ஒருவன் அருவியின்கீழ் நிற்கின்றான். மற்றவன் ஆடைகளைக் காத்துக் கரையில் நிற்கின்றான். கரையிலிருப்பவன் கூவி அழைக்கின்றான்; மறுமொழி இல்லை. இதனால் நண்பனுக்குத் தீங்கு நேர்ந்ததென்று துணிதல் தகுமோ? அருவியின் பேரொலி அழைப்பை விழுங்கியிருக்கலாம். நண்பன் பாறையை நோக்கித் திரும்பி நின்றிருக்கலாம். நீரின் வேகத்தில் கால் வழுவாது நிற்பதிலேயே அவன் கருத்து முழுதும் ஊன்றியிருக்கலாம். உண்மையாகவே தீங்கு நேர்ந்துமிருக்கலாம். மௌனம் ஒன்று; அதற்குரிய காரணங்களோ நான்கு.

கணினி பயிலும் மாணாக்கர்க்கு இவ்வுவமை பெரிதும் பயன்படும். இயந்திரங்களை ஆளுமிடத்து இரண்டு கணினிகள் சேர்ந்து தொழில் புரிகின்றன. நம் மேசைமீதிருந்து நிரலை அனுப்பி, அளவுகளை வாங்கிக் காட்டுவது ஒன்று. இதனை ஹோஸ்ட் என்பர். மோட்டாரின் அருகிலிருந்து, குறித்த நொடிக்கூற்றில் தவறாது கணக்கிட்டு அதனை இயக்குவது மற்றொன்று; இதனை டார்கெட் என்பர். காலந்தவறாமையே பின்னதன் முதற் கடமை. நம்மோடு பேசுதல் அதற்கு இரண்டாவதே. இவ்வுண்மையை மறப்பதனாலேயே, தொடர்பு அறுந்தவுடன் பலர் டார்கெட்டை அணைத்து மீண்டும் ஏற்றிவிடுகின்றனர். அப்போது பிழையின் சுவடும் உடன் அழிகின்றது. ஆதலின் எதனையும் தொடுமுன், தொடர்பு அறுந்த நேரம், திரையில் தோன்றிய செய்தி, இறுதியாக நாம் செய்த மாற்றம் ஆகிய மூன்றனையும் குறித்துக்கொள்க.

இனி, ஆராயும் வரிசையைக் காண்போம். முதலாவது, பாதை. டார்கெட்டிற்கு மின்சாரம் வருகின்றதா, கம்பி செருகிய இடத்துச் சிறு விளக்கு எரிகின்றதா என்று பார்க்க. எரியாவிடின் கம்பியை மாற்றுக.

இரண்டாவது, முகவரி. ஹோஸ்டின் ஐ.பி. முகவரி 192.168.7.1 எனின், டார்கெட்டினது 192.168.7.5 என்பதுபோல் ஒரே தொகுதியில் அமைதல் வேண்டும். சப்நெட் மாஸ்க் இரண்டிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஒரே முகவரியை இரு கருவிகள் கொள்ளலாகாது. பின்னர்ப் பிங் என்னும் கட்டளையால் அழைத்துப் பார்க்க. மறுமொழி வருமாயின் பாதையும் முகவரியும் செவ்வையாக உள்ளன. ஃபயர்வால் தடுக்கின்றதா, இருபுறத்து மென்பொருளும் ஒரே பதிப்பினவா என்று அடுத்து ஆராய்க.

மூன்றாவது, வேலைச்சுமை. நிரல் ஓடாதபோது பிங்கிற்கு மறுமொழி வந்து, ஓடும்போது மட்டும் நின்றுவிடின், குற்றம் கம்பியிலில்லை. ஒரு மில்லிநொடிக்கு ஒருமுறை செய்யவேண்டிய கணக்கு 0.95 மில்லிநொடியைத் தின்றுவிடுமாயின், பேசுவதற்கு எஞ்சுவது 0.05 மில்லிநொடியே. கால இடைவெளியை இரண்டு மில்லிநொடியாக்கிப் பார்க்க. தொடர்பு மீளுமாயின் காரணம் வெளிப்பட்டது. ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டுமே மாற்றுக. மூன்றை ஒருங்கே மாற்றியவன் பிழை நீங்கினாலும் காரணம் அறியான்.

இவை சோதனைச்சாலைக்கு மட்டும் உரியன என்று கருதற்க. 2023 ஜூலையில், தவறான கட்டளையொன்றால் வாயேஜர்-2 விண்கலத்தின் அலைவாங்கி பூமியைவிட்டு இரண்டு பாகை விலகிற்று. கலம் நலமாகவே இருந்தது. முகம் மட்டும் திரும்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நிலையத்திலிருந்து வலிமைமிக்க அலையாற் கூவியழைத்து, ஆகஸ்டு 4ஆம் நாள் தொடர்பை மீட்டனர். 1997 ஜூலை 4ஆம் நாள் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டரோ அடிக்கடி தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலை அளக்கும் எளிய பணி ஒன்று, தலைமைப் பணிக்கு வேண்டிய பூட்டைத் தான் பிடித்துக்கொண்டிருக்க, இடைநிலைப் பணிகள் அதனை முடிக்கவொட்டாது தடுத்தன. பூமியிலிருந்த ஒத்த கருவியில் அப்பிழையை மீண்டும் தோற்றுவித்துக் கண்ட பின்னரே அறிஞர் திருத்தத்தை அனுப்பினர். 2019 செப்டம்பர் 7ஆம் நாளில் நமது விக்ரம், நிலவில் இறங்குங்கால் பேச்சற்றுப் போயிற்று. அம்மௌனம் மெய்யான வீழ்ச்சியின் மௌனமே. மூவிடத்தும் அடையாளம் ஏறக்குறைய ஒன்றே, நோய் வெவ்வேறு.

காத்திருக்கும் அளவும் தூரத்திற்கேற்ப அமையவேண்டும். தென்காசியை அடுத்த செங்கோட்டையிற் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார் திட்ட இயக்குநராக விளங்கிய ஆதித்தியா எல்-1, 2024 ஜனவரி 6ஆம் நாள் தன் பாதையை எய்திற்று. அது நிற்குமிடம் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். அலை சென்றெட்ட ஐந்து நொடி. மறுமொழி வர மேலும் ஐந்து. மூன்று நொடி மட்டும் காத்திருந்து "இறந்தது" என்று கூறும் ஹோஸ்ட், உயிருள்ளதற்குச் சாவோலை எழுதுவதாகும்.

இறுதியாக ஒன்று. தொடர்பு ஒருநாள் அறுந்தே தீரும். ஆதலின் ஹோஸ்டிலிருந்து நாடித்துடிப்புப்போல் இடைவிடாது ஒரு குறிப்பு சென்றுகொண்டிருக்கவேண்டும். குறித்த காலத்துள் அது வாராவிடின், டார்கெட் ஆணைக்குக் காத்திராது மோட்டாரைத் தானே நிறுத்துதல் வேண்டும். 2024 மே 17ஆம் நாள் பழைய குற்றாலத்திற் பாய்ந்த திடீர் வெள்ளம் ஓர் இளம் மாணவனின் உயிரைக் கவர்ந்ததை நம் பக்கத்தார் மறவார். அருவியின் ஓசையிற் கரையின் குரல் கேட்குமென்று நம்பி நிற்றல் பேதைமை. குரல் கேளாதபோது தானே கரையேறுமாறு முன்னரே பேசி வைத்தவனே காப்புடையவன். இயந்திரத்தை அமைப்போரும் அங்ஙனமே செய்வாராக. மௌனத்தைக் கண்டு அஞ்சாமலும், அதனை அலட்சியஞ் செய்யாமலும், வரிசையாக வினவிக் காரணம் காண்பதே கற்றார்க்கு அழகு.